வாட்டர் பார்க்கில் ரிங் கட்

1. ஆள் குறைகிறது

"அண்ணே, மாமியக் காணோங்க."

கலா இதைச் சொன்னபோது பஸ் வாட்டர் பார்க்கின் முன் கேட்டில் இரைந்துகொண்டு நின்றது. நான் அப்போதுதான் பெரட்டு எடுத்து முடித்திருந்தேன். தேயிலைத் தோட்டத்தில் காலையில் வேலைக்கு முன் ஆள் எண்ணுவதைப் பெரட்டு என்பார்கள். எங்கள் டிரிப்பிலும் அதுதான் வழக்கம். பெயர் சொன்னால் "இருக்கேன்" என்று குரல் வர வேண்டும். சிவபாக்கியம் என்ற பெயருக்கு மட்டும் குரல் வரவில்லை. கலா அந்த அக்காவின் மருமகள்.

"தூங்கிட்டு இருப்பாங்க, நல்லாப் பாரு."

"நாலு தடவ பாத்துட்டேங்க. பஸ்ஸுல இல்ல."

என் தோளில் ஒரு துணிப் பை தொங்கியது. அதில் டிரிப்புக்கு வந்த அத்தனை பேருடைய அடையாள அட்டைகளும் இருந்தன. யுத்த காலம். வழியில் ஒவ்வொரு செக் பொயின்ட்டிலும் ஒவ்வொருவராக மடியை அவிழ்த்து அட்டை தேடினால் விடிந்துவிடும் என்பதால், புறப்படும்போதே அட்டைகளை வாங்கி ஒரே பையில் போட்டு, ஒரே ஆள் காட்டுவது மலையக டிரிப் பஸ்களில் எல்லோரும் செய்த ஏற்பாடு. அன்றுவரை அதில் ஒரு குறையும் யாருக்கும் தெரிந்ததில்லை. இப்போது கொழும்புப் பக்கம், முன்பின் தெரியாத ஓர் ஊரில், சிங்களம் தெரியாத ஒரு தமிழ்ப் பெண் தனியாக எங்கோ நிற்கிறார். அவருடைய அட்டை என் தோளில் இருக்கிறது. யாராவது நிறுத்திக் கேட்டால் அக்கா எதைக் காட்டுவார்?



2. என் கடை, என் கிறுக்கு

நான் யார் என்று சொல்லாமலே போகிறேன் பாருங்கள். பெயர் ராஜு. தொண்ணூறுகளில் கொட்டகலையில் ஒரு கொமினிகேஷன் கடை போட்டேன். வெளிநாட்டுக் கோல், கொழும்புக் கோல், போட்டோ கொப்பி. பிறகு கைப்போன் வந்ததும் அதற்குக் காசு ஏற்றும் ரீலோட், ரிப்பேர். வருஷத்துக்கு ஒரு தடவை வாடிக்கையாளர்களைச் சேர்த்துக்கொண்டு பஸ் பிடித்து டிரிப்பும் போவோம்.

போன் என்றால் எனக்கு ஒரு கிறுக்கு. யார் புதுப் போன் கொண்டுவந்தாலும் மெனுவுக்குள் புகுந்து கடைசிக் கதவு வரை தட்டிப் பார்க்காமல் கையில் கொடுக்க மாட்டேன். "ரீலோட் போடச் சொன்னா ஆப்பரேஷன் பண்றியே" என்று திட்டுவார்கள். திட்டட்டும். ஆனால் போனைவிட எனக்குப் பெரிய வேடிக்கை, சனம் அதை வைத்து என்ன செய்கிறது என்பதுதான். கம்பனிக்காரன் ஒன்றை நினைத்துச் செய்கிறான், எங்கள் ஆட்கள் வேறொன்றுக்குப் பாவிக்கிறார்கள்.

ரிங் கட் அப்படி வந்ததுதான். ஆரம்பத்தில், வந்த கோலை எடுத்தாலும் காசு வெட்டும். ஆகவே எடுப்பதே இல்லை. கொழும்பில் கடையில் நிற்கும் மகன் ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணினால் 'சேர்ந்துட்டேன்'. இரண்டு விட்டால் 'காசு அனுப்பியிருக்கேன்'. கொழுந்து எடுக்கும் பெண்கள் மடியில் போனைச் செருகிக்கொண்டு, ரிங்கை எண்ணியே குடும்பம் நடத்தினார்கள். பின்னால் வந்த கோலுக்குக் காசு வெட்டுவது நின்றுபோனது. பயம் நிற்கவில்லை. "அக்கா, இப்ப எடுத்தா காசு போவாதுக்கா" என்று எத்தனையோ பேரிடம் தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறேன். "ஆமா ஆமா, ஒங்களுக்கென்ன, ரீலோட் விக்கிறவரு" என்பார்கள்.

இந்தப் பழக்கத்தையே டிரிப்புக்கும் பாவித்தோம். போகும்போது பஸ்ஸுக்குள் நின்றபடி அறிவித்தேன்.

"ஒரு ரிங் வந்து கட் ஆனா சாப்பாட்டுக்கு வாங்க. ரெண்டு ரிங்னா கேட்டுக்கு வாங்க. மூணுன்னா ஓடி வந்து பஸ்ஸுல ஏறுங்க. யாரும் எடுக்க வேணாம்."

முன் சீட்டில் இருந்த சிவபாக்கியம் அக்கா விரல் மடக்கித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். சோறு, கேட்டு, பஸ்ஸு. வாழ்க்கையில் முதல் தடவையாக, மலை இறங்கும் வழியில் இருக்கும் கினிகத்தேனையைத் தாண்டி வருகிறவர். நல்ல சேலை கட்டி, தலைக்குப் பூ வைத்து, கல்யாணத்துக்குப் போவது போல் வந்திருந்தார்.

3. நாம எங்க நிக்கிறோம்?

இப்போது பிள்ளைகள் பார்க்குக்குப் போனால் போனில் அப் ஒன்றைத் திறக்கிறார்கள். எந்தச் சறுக்கில் எவ்வளவு கியூ, கழிப்பறை எந்தப் பக்கம், கூட வந்தவன் எங்கே திரிகிறான், எல்லாம் அதில் தெரிகிறது. நான் அதற்கு முன்னாலேயே ஒன்று செய்து பார்த்தேன்.

பார்க் வாசலில் பெரிய வரைபடப் பலகை ஒன்று இருந்தது. என்னிடம் அப்போது ஒரு கெமரா போன். பலகையைப் படம் பிடித்து, புளூடூத் உள்ள போன்காரர்களை எல்லாம் வரிசையாக நிறுத்தி அனுப்பினேன். ஆளுக்கு ஆள் போனை முகர்ந்து பார்ப்பதுபோல் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றோம். வாசலில் டிக்கட் கிழிப்பவன் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தான். எனக்கோ பெருமையில் தலைகால் புரியவில்லை. ஆளுக்கொரு மேப் என்றால் சும்மாவா?

எங்கள் தோட்டத்துக் கங்காணி ஒருவர் அந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எல்லாஞ் சரி தம்பி. இதுல நாம எங்க நிக்கிறோம்?"

இன்று அப்பில் ஒரு நீலப் புள்ளி அதைச் சொல்கிறது. அன்று நான் "அது நீங்களா பாத்துக்கணும்" என்று மழுப்பினேன்.

சிவபாக்கியம் அக்காவின் போன் பழைய சாதாரணப் போன். படம் எதுவும் ஏறாது. அவருக்கு ரிங் மட்டும்தான்.

4. எல்லோரும் கூப்பிட்டார்கள்

சரி, ஆளைக் காணவில்லை என்ற இடத்துக்கு வருகிறேன்.

"ரிங் போவுதுங்க, எடுக்க மாட்றாங்க" என்றாள் கலா. "தண்ணிக்குள்ள ஏதும்..." என்று இழுத்தாள்.

அவ்வளவுதான். பஸ்ஸே போனைக் கையில் எடுத்தது. நம்பரைச் சொல்லு, நம்பரைச் சொல்லு என்று ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள். ஒருவருக்கு ரிங் போனது, இன்னொருவருக்கு பிஸி. ரீலோட் இல்லாதவர்கள்கூடப் பக்கத்தில் கடன் வாங்கிக் கூப்பிட்டார்கள். தம்பிமார் சிலர் உள்ளே ஓடி அலைக் குளத்தைச் சுற்றித் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள்.

டிரைவர் சுனில் கினிகத்தேனைக்காரர். எங்கள் ஆட்களோடு பழகித் தமிழ் நன்றாகப் பேசுவார்; தம்பி என்பதற்கு மட்டும் சிங்களத்தில் 'மல்லி' என்பார். "மல்லி, பொழுது எறங்குது. இருட்டுனா செக் பொயின்ட்ல எல்லாரையும் எறக்கி வச்சிருவான். ஆனா அந்த அக்காவ விட்டுட்டு நான் பஸ்ஸ எடுக்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்றார். விட்டுவிட்டுப் போகலாம் என்று யாரும் சொல்லவே இல்லை. இருந்தாலும் அவர் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது.

எனக்கு அந்த நேரத்திலும் என் கிறுக்கு விடவில்லை. ரிங் போகிறது என்றால் போன் உயிரோடு இருக்கிறது. தண்ணீருக்குள் விழவில்லை. பிறகு ஏன் எடுக்கவில்லை? அக்கா செவிடல்ல. பிடிவாதக்காரியும் அல்ல.

அப்போதுதான் பொறி தட்டியது. எடுக்க வேணாம் என்று சொன்னோம், அக்கா எடுக்கவில்லை! நாங்கள் பதறப் பதற அவர் எங்கோ நின்று ரிங்கை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

"போதும்! எல்லாரும் போனக் கீழ வைங்க!" என்று கத்தினேன். பஸ் அடங்கியது. அவருடைய நம்பருக்கு எடுத்து, இரண்டு ரிங் விட்டுக் கட் பண்ணினேன். கேட்டுக்கு வாங்க. எல்லோரும் முன் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

யாரும் வரவில்லை.

கலா தேம்பத் தொடங்கினாள். "அவருகிட்ட என்னாங்க சொல்லுவேன், ஒங்கம்மாவத் தொலைச்சிட்டேன்னா?" அவள் புருஷன் தோட்டத்தில் வேலைக்கு நின்றுவிட்டான், டிரிப்புக்கு வரவில்லை. வேறு வழி தெரியாமல் மறுபடி கோல் எடுத்தேன். இந்தத் தடவை கட் பண்ணவில்லை, விட்டுவிட்டேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது. திடீரென்று எடுத்தது.

"ஹலோ, கவுத?"

ஆண் குரல். யாரென்று சிங்களத்தில் அதட்டலாகக் கேட்டது.

5. பின் கேட்

அது பார்க்கின் செக்கியூரிட்டி. பின் கேட்டில் நின்றார். நான் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மதிலைச் சுற்றி ஓடினேன்.

நடந்தது இதுதான். அலைக் குளத்தில் பாட்டுச் சத்தம், புறப்பட நாங்கள் விட்ட ரிங் அக்காவுக்குக் கேட்கவில்லை. பாட்டு நின்றபோது போன் கண்டபடி அடித்திருக்கிறது. நாலு ரிங், ஏழு ரிங், இன்னும் கூட. அதற்கெல்லாம் அர்த்தம் சொல்லித் தரப்படவில்லை. நடுவில் யாரோ ஒருவருக்கு ரீலோட் தீர்ந்து மூன்றாவது ரிங்கில் அறுந்திருக்கிறது. மூன்று என்றால் பஸ். அக்கா காலையில் நாங்கள் இறங்கிய, பஸ் நிறுத்தும் பின்பக்க வளவுக்கு ஓடியிருக்கிறார். பஸ்ஸை அதற்குள் முன்பக்கம் கொண்டுவந்துவிட்டோம். வளவு காலி. அங்கேயே நின்றிருக்கிறார். பிறகு என் இரண்டு ரிங். கேட்டுக்கு வா என்றால் அவருக்குத் தெரிந்த கேட் பக்கத்தில் இருந்த பின் கேட்தான்.

செக்கியூரிட்டி மறித்திருக்கிறார். டிக்கட் இல்லை. ஐடி எங்கே? இல்லை. கையில் போன் விடாமல் அடிக்கிறது, இந்தப் பொம்பிளை அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், எடுக்க மாட்டேன் என்கிறாள். குண்டுக்குப் பயந்த அந்தக் காலத்தில் ஒரு சிங்களக் காவலாளிக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். போனைப் பறித்துவிட்டார். பொலிசுக்குச் சொல்லப் போனவர், கையில் அது இன்னும் அடித்துக்கொண்டே இருந்ததால் எடுத்திருக்கிறார்; அதுதான் என் கோல்.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா மதிலோரம் குந்தியிருந்தார். தலையில் பூ அப்படியே இருந்தது. முகம்தான் வெளிறிப்போயிருந்தது.

பையைத் தரையில் கொட்டித் தேடினேன். அட்டை கிடைத்தது. செக்கியூரிட்டி படத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இந்த அம்மாவோட அட்ட இந்த அம்மாகிட்டதானே இருக்கணும்? நீ ஏன் வச்சிருக்க?" என்று சிங்களத்தில் கேட்டார்.

மனுஷன் கேட்டது நியாயம்தானே. நல்லவேளையாக அதற்குமேல் அவர் ஒன்றும் செய்யவில்லை. போனையும் அட்டையையும் அக்காவின் கையில் வைத்து, "போங்க" என்று தலையை ஆட்டினார்.

பஸ்ஸில் ஏறியதும் கலா மாமியாரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அக்கா அழவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, நீளமா ரிங்கு வந்துச்சே, எண்ண முடியாம. அதுக்கு என்னாங்க அர்த்தம்?"

"ஒங்களத் தேடுறோம்னு அர்த்தம்க்கா."



6. கடைக்கு வந்தார்

அதன் பிறகு எங்கள் டிரிப்புகளில் இரண்டு மாற்றம். அவரவர் அட்டை அவரவர் மடியில். செக் பொயின்ட்டில் எவ்வளவு நேரம் போனாலும் போகட்டும். அடுத்தது, நீளமாக ரிங் போனால் எடுத்தே ஆக வேண்டும். ஒரு கருவிக்கு எத்தனை அடையாளம் வேண்டுமானாலும் சொல்லிக் கொடுக்கலாம். 'தொலைந்துவிட்டேன்' என்று சொல்ல ஒரு வழி அதில் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண். இன்றைக்கு யார் எந்த அப்பைப் புகழ்ந்தாலும் நான் முதலில் தேடிப் பார்ப்பது அதைத்தான்.

சில நாள் கழித்துச் சிவபாக்கியம் அக்கா என் கடைக்கு வந்தார். ரீலோடுக்கு அல்ல. மடியிலிருந்து போனை எடுத்து நீட்டினார். ஸ்கிரீனில் அன்றைய மிஸ் கோல்கள் வரிசையாக நின்றன.

"கலா பாத்து வாசிச்சுச் சொன்னுச்சு. இதெல்லாம் அன்னைக்கு நீங்கள்லாம் கூப்புட்டதாம். இது அழியாம வச்சுக்க ஏதும் வழி இருக்கா தம்பி?"

"எதுக்குக்கா?"

"என்னைய இத்தன பேரு சேந்து தேடிக் கூப்புட்டதே இல்லீங்க. தோட்டத்துப் பெரட்டுலகூட பேரு இல்ல, நம்பருதான்."

மெனு முழுக்கப் புகுந்து தேடினேன். வழி இருக்கவில்லை. அந்தப் போனில் கொஞ்சம்தான் நிற்கும். உண்மையைச் சொன்னேன்.

"புதுசா கோல் வந்தா பழசு போயிரும்க்கா."

அக்கா போனை வாங்கி மடியில் செருகினார்.

"போனாப் போவுது. வரட்டும். இனிமே எடுத்துப் பேசுறேன்" என்றார்.