புக்கிட் ரம்பாய்க் கூடையின் ஏழு மனுக்கள்

காஜா பெராங்கிலிருந்து சைக்கிளில் வந்தவர், செமாபோக் காப்பிக்கடை வாசலில் ஒரு காலை ஊன்றியபடியே, "அண்ணே, பிள்ளை நேத்து சாயங்காலம் போயிட்டாரு. இன்னிக்கு மூணு மணிக்கு எடுக்குறாங்க" என்றார். நான் ரொட்டியைக் காப்பியில் நனைத்துக்கொண்டிருந்தேன். "எந்தப் பிள்ளை?" என்று கேட்டேன். எந்தப் பிள்ளை என்று எனக்கு நன்றாகவே தெரியும். கேட்டுப் பதில் வரும்வரையாவது அவர் உயிரோடு இருக்கட்டும் என்றுதான் கேட்டேன் போலும்.

தெய்வநாயகம் பிள்ளையை அறிந்த உங்களுக்கு முதலில் அவர் பேச்சுதான் நினைவுக்கு வரும். காஜா பெராங் செட்டிக் குடும்பத்தவர், மலாயே வீட்டுமொழியாகிப்போன தமிழ் வம்சம். நெற்றி நிறைய விபூதி; வாயைத் திறந்தால் மலாய். இடையிடையே நம்மிடம் கற்றுக்கொண்ட தமிழ். பல தலைமுறையாக மலாக்காவில் பிறந்தவர்களின் பிள்ளை அவர். குடியுரிமைக்கு மனுப்போட வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் மெர்டேக்காவுக்குப் பின், நாடு விடுதலை பெற்ற கையோடு, நம் வாசகசாலையில் மனு எழுதித் தர மேசை போட்டபோது, முதல் ஆளாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உங்களுக்கு எதுக்கண்ணே இந்த வேலை?" என்று கேலி செய்வோம். "குவா அடா, லு தக் அடா" என்பார். எனக்கு இருக்கிறது, உனக்கு இல்லையே என்று பொருள்.

மனுக்கள் காலையிலிருந்து ஓயாமல் வந்தன. பகலெல்லாம் குவித்து வைத்து மாலையில் ஊர்வாரியாகப் பிரிக்கலாம் என்றோம். அவர் ஒப்பவில்லை. ஆள் எழுந்து நகருமுன் அவருடைய மனு உரிய பிரம்புக் கூடையில் விழுந்தாக வேண்டும். ஓர் ஊரிலிருந்து முதல் மனு வந்ததும் அந்த ஊர்ப் பெயரோடு ஒரு கூடை மேசைமேல் ஏறும். அதற்கு முன் ஏறாது. "ஆள் வராத ஊருக்கு கூடை வச்சு என்னா செய்றது?" என்பார்.

நான் துறைமுகக் கிடங்கில் எழுத்தர். மூட்டை அடுக்கிப் பழகிய புத்தி. ஒரு கூடையில் இருபத்தைந்து மனுக்கள் சேர்ந்தால் ஒரு கட்டு. கட்டு நிறைந்தால்தான் பதிவு அலுவலகத்துக்குப் போகும் என்று விதி வைத்தேன். "தக் பெனோ பூன் ஜாலான், தம்பி. நிறையலன்னாலும் வெள்ளிக்கிழமை வந்தா போவட்டும்" என்றார் பிள்ளை. நான் கை தூக்கச் சொன்னேன். எல்லாக் கைகளும் என் பக்கம் உயர்ந்தன, உங்களில் சிலருடையவையும்தான். செமாபோக் கூடை இரண்டு நாளுக்கு ஒருமுறை நிறைந்தது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

முதல் ஓராண்டுக்குள் மனுச் செய்தவர்களுக்கு மலாய் மொழித் தேர்வு இல்லை என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கெடு முடிய ஒரு மாதம் இருக்கையில் பிள்ளையின் மனைவி படுக்கையில் விழுந்தார். மேசையை நான் பார்த்துக்கொண்டேன். கடைசி நாள் பிற்பகல்தான் பிள்ளை திரும்பி வந்தார். வந்தவர் புக்கிட் ரம்பாய்க் கூடையை எட்டிப் பார்த்தார். உள்ளே ஏழு மனுக்கள். மூன்று வாரமாக, இன்னும் பதினெட்டு வரட்டும் என்று கிடந்தவை.

"காகிதமா இது? ஏழு ஆளு, தம்பி" என்றார். குரலை உயர்த்தவில்லை, அதுதான் என்னைச் சுட்டது.

ஏழையும் எடுத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தார். அலுவலகம் அடைக்குமுன் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆறு மனுக்களை வாங்கிக்கொண்டார்கள். ஏழாவதில் கைரேகை இல்லை. ஒரு வாரம் முன்னால் போயிருந்தால் திருப்பி வாங்கி, ரேகை வைத்து, மறுபடி கொடுத்திருக்கலாம். அன்று அதற்கு நேரமில்லை.

அந்த ஏழாமவர் காளியப்பன், புக்கிட் ரம்பாய் ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுக்காரர். ஐம்பது வயது. சந்தையில் பேரம் பேசுமளவுக்குத்தான் மலாய் தெரியும். தேர்வில் இரண்டு முறை தோற்றார். இங்கே பிறந்த பிள்ளைகளை விட்டுவிட்டு இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டி வருமோ என்று அவர் மனைவி கோயிலில் அழுததை நான் பார்த்தேன். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. பிள்ளை ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போனார். இருவரும் வாய்க்கால் கரையில் தூண்டில் போட்டுக்கொண்டு மலாயில் சண்டை பிடித்தார்கள். மூன்றாம் முறை காளியப்பன் தேறினார். அதன் பிறகும் பிள்ளையின் ஞாயிற்றுக்கிழமை மாறவில்லை.

ஒருமுறை பிள்ளையிடம், "நான்தான் காரணம்னு அவர்கிட்ட சொல்லிடவாண்ணே?" என்று கேட்டேன். "லு புன்யா கெர்ஜா. உன் வேலை, தம்பி" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று நானும் தள்ளிப்போட்டேன். ஆறு வருடம் ஓடிவிட்டது.

அன்று மூன்று மணிக்குப் பாடை தெருமுனை திரும்பியபோது காளியப்பன் என் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "உங்க மனு கெட்டுப்போனதுக்கு நான்தான் காரணம். கட்டு நிறையட்டும்னு நான்தான் வச்சிருந்தேன்" என்றேன்.

அவர் நடையை நிறுத்தவில்லை.

"தெரியுங்க. அன்னிக்கு சாயங்காலமே பிள்ளை சொல்லிட்டாரு. 'அவரா வந்து சொல்லுவாரு, நீ கேக்காதே'ன்னாரு. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் வந்து ஒக்காந்ததும் 'சூடா டத்தாங்?'னு கேப்பாரு, நீங்க வந்தீங்களான்னு. நான் இல்லம்பேன். போன வாரங்கூட கேட்டாரு."

நண்பர்களே, பிள்ளையின் கூடைகளில் ஒன்றிரண்டு உங்கள் வீடுகளில் இருக்கலாம், பத்திரமாக வைத்திருங்கள். என்னிடம் இருப்பது அவர் கடைசி ஞாயிறன்றும் கேட்ட அந்தக் கேள்வி.