ஓம் என்றால் யெஸ்

இந்த நாட்டில் தேர்தலுக்கு ஒலிபெருக்கி கிடையாது. சாஸேஜ் வாசனைதான் உண்டு. எங்கள் புறநகரான கிரவீனில் சனிக்கிழமை காலை பள்ளிக்கூட வாசலில் அடுப்பு மூட்டி, சுட்ட சாஸேஜை ரொட்டியில் மடித்து விற்கிறார்கள். அதைக் கடித்துக்கொண்டே வரிசை நகர்கிறது. வாக்குப் போடாவிட்டால் அபராதம் என்பதால் சோம்பேறிகளும் வந்துவிடுகிறார்கள். உள்ளே போனால் எழுதுவதற்குப் பென்சிலாம்! அழித்து எழுதினால் என்ன செய்வார்கள் என்று நான் கேட்டபோது, சாஸேஜ் விற்றவர், "அழிரப்பர் எல்லாம் விற்பதில்லை, தக்காளி சாஸ் வேண்டுமா?" என்றார். படிக்க வந்து இப்போது கணினி வேலையில் இருந்தாலும், நான் இன்னும் குடியுரிமை பெறாதவன். எனக்கு அங்கே சாஸேஜ் மட்டும்தான்.

பவளம் ஆன்ட்டிக்கு, அவர் வழக்கில் அன்ரிக்கு, அந்தக் கொடுப்பினையும் இல்லை. அவர் வீட்டின் பின்கட்டில்தான் நான் வாடகைக்கு இருக்கிறேன். அவர் கணவர் அங்கிளுக்கு முழங்கால் ஆபரேஷன் என்பதால் இருவரும் தபாலில் வாக்களித்தார்கள். மறுவாரம் அன்ரி என் கதவைத் தட்டினார்.

"தம்பி, என்ர வோட்டை எண்ணினவங்களோ எண்டு ஒருக்காக் கேளும்."

"ஏன் அன்ரி சந்தேகம்?"

"விண்ணப்பத்தில தமிழில கையெழுத்து வச்சனான். பிறகு கவர்ல, வெள்ளைக்காரருக்கு விளங்கட்டும் எண்டு இங்கிலீசில வச்சிட்டன். ரெண்டும் ஒத்துப்போகாட்டி எண்ண மாட்டினமாம்."

நாற்காலியில் காலை நீட்டியிருந்த அங்கிள் உள்ளேயிருந்து, "ஒரு வோட்டால அரசாங்கம் விழாது, விடும்!" என்றார்.

"உங்களுக்கென்ன! ஊரில ஒருக்கா வரிசையில நிண்டு என்ர பேரைச் சொல்ல, நீங்கள் போட்டாச்சே எண்டவங்கள். ஆரோ என்ர வோட்டைப் போட்டிட்டுப் போட்டினம். இஞ்ச குடியுரிமை எடுத்து இதுதான் முதல் வோட்டு. இதாவது என்ர வோட்டா இருக்கோணும்."



என் ஊரில் அப்பாவும் அம்மாவும் சின்னத்தைப் பார்த்துத்தான் வாக்களிப்பார்கள். வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் என்பதால், தெருவுக்கே வாக்குச்சாவடிச் சீட்டைப் படித்து, எந்த அறை, எந்த வரிசை என்று சொல்வது என் வேலை. இயந்திரத்தில் பொத்தானை அழுத்தியதும் 'பீப்' என்று ஒரு சத்தம் வரும். அது காதில் விழுந்தால்தான் அம்மா நகர்வாள். தபாலில் போட்ட வாக்குக்கு அந்தச் சத்தம் ஏது?

யாருக்கு வாக்களித்தோம் என்பதைச் சொல்லமாட்டார்கள்; உறை வந்ததா, எண்ணிக்கையில் சேர்ந்ததா என்று மட்டும் கேட்கலாம். தேர்தல் அலுவலகத்தை அழைத்தேன். வாக்காளரே பேச வேண்டும் என்றார் அழைப்பை எடுத்த பெண். போனை ஸ்பீக்கரில் போட்டு அன்ரியிடம் நீட்டினேன்.

"உறையில் கையெழுத்துப் போட்டது நீங்கள்தானா?" என்று ஆங்கிலத்தில் கேள்வி வந்தது.

"ஓம்," என்றார் அன்ரி.

"பரவாயில்லை, யோசித்துச் சொல்லுங்கள். நீங்கள்தானா?"

"ஓம், ஓம்!"

"உறுதியாகத் தெரியவில்லையா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்ரியின் 'ஓம்' அந்தப் பெண்ணின் காதில், பதில் தெரியாமல் இழுக்கும் 'உம்ம்' ஆக விழுந்துகொண்டிருந்தது. அன்ரி அழுத்திச் சொல்லச் சொல்லச் சந்தேகம்தான் வலுத்தது.

"அன்ரி, யெஸ்னு சொல்லுங்க!"

"அதைத்தானே தம்பி அப்ப தொடக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறன்!"

பிறகு சுவர் அதிர ஒரு 'யெஸ்' சொன்னார். இரண்டு மொழியிலும் கையெழுத்து வைத்ததை நான் விளக்கினேன். அந்தப் பெண் சற்று நேரம் தேடிவிட்டு, "அட்மிட் செய்துவிட்டார்கள்," என்றார்.

அன்ரி என் கையைப் பிடித்தார். "ஐயோ, ஆரை? ஆசுப்பத்திரியிலயோ?"

"உங்க வோட்டைத்தான் அன்ரி. எண்ணிக்கையில சேர்த்துட்டாங்களாம்."

அன்ரி கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டார். அங்கிளிடமும் போனை நீட்டியதில் அவர் வாக்கும் சேர்ந்திருந்தது தெரிந்தது. அதை அன்ரி காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. நான் நன்றி சொல்லிப் போனை வைக்கப் போனேன். அன்ரி தடுத்தார்.

"பொறும். தம்பியின்ரயையும் கேக்கட்டும். உம்மட வோட்டு எண்ணாமப் போனா?"

அன்ரியே போனைப் பார்த்து, "ஹிஸ் வோட் ஆல்சோ, பிளீஸ்!" என்றார். எனக்கு வாக்கில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பெண், "உங்கள் தொகுதி எது?" என்று கேட்டுவிட்டார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியே வளர்ந்த வாய்.

"போடிநாயக்கனூர்."

"எழுத்துக் கூட்டிச் சொல்ல முடியுமா?"

ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். மறுமுனையில் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. அந்த நாட்டுப் பட்டியலில் என் ஊர் வராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும், அவர் தேடி முடிக்கட்டும் என்று பேசாமல் இருந்தேன்.