ஓம், ஸ்பூன்

மேல் வீட்டுப் பெரிய பிள்ளையைத் தங்கச்சியின் வகுப்பிலே கொண்டுபோய் இருத்தப் போகிறார்கள் என்ற செய்தி என்னுடைய சமையல் குசினிக்குத்தான் முதலில் வந்தது. கொண்டுவந்தவள் தாய். வேலைக்குப் போட்டுக்கொண்டு போன நீலச் சட்டையோடு அப்படியே வாசலில் நின்றாள். கண் கலங்கியிருந்தது. அவளுக்கும் எனக்கும் நடுவில் இருப்பது உடைந்த இங்கிலீஷ். அதிலே அவள் சொன்னதை எங்களுடைய பேச்சிலே எழுதுகிறேன்.

"பள்ளிக்கூடத்திலை அவள் வாயே திறக்கிறாளில்லையாம். லீவு முடிஞ்சு வர, காலமை வாசிப்புப் பாடத்துக்குச் சின்னப்பிள்ளையளின்ரை வகுப்புக்கு அனுப்பப் போயினமாம்."

பெரியவளுக்கு ஏழு வயது. தங்கச்சிக்கு ஐந்து. தங்கச்சி வாயாடி. லண்டனுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே இங்கிலீஷிலே சண்டை பிடிக்கப் பழகிவிட்டாள். அவளுக்குப் பக்கத்திலே, அந்தச் சின்னக் கதிரையிலே, அக்காக்காரி முழங்காலை மடக்கிக்கொண்டு இருப்பதா? பிறகு அக்கா என்றதுக்கு என்ன மரியாதை? பிள்ளை அன்று மத்தியானம் சாப்பாட்டைத் தொடவில்லையாம். அங்கே அனுப்பினால் பள்ளிக்கூடத்துக்கே போகமாட்டேன் என்று தாயிடம் சொல்லிவிட்டாளாம்.

"நீ அழாதை. அவளை அங்கை இருத்த நான் விடமாட்டன்" என்று சொல்லிவிட்டேன்.

என்ன தைரியத்தில் சொன்னேனோ தெரியாது. நான் பள்ளிக்கூடத்து ஓ எல் சோதனைகூட எழுதாதவள். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் படிப்பு அறுந்துபோனது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ், நோர்பரியில் ஒரு கடைக் கல்லாவில் நின்று பொறுக்கிக்கொண்டது. ஆனால் எங்கள் வீட்டுச் சாமித்தட்டு குசினி வாசலுக்கு நேரே இருக்கிறது. பிள்ளையார் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்ன சொல். இனிப் பின்வாங்க ஏலாது.

அவர்கள் கொலம்பியாவிலிருந்து வந்தவர்கள். தாய் விடிய முதலே குரோய்டனுக்கு ஒபிஸ் கந்தோர்களைத் துப்புரவு செய்யப் போய்விடுவாள். ஆகையால் பிள்ளைகள் இரண்டும் காலையில் படியிறங்கி என்னிடம் வந்துவிடுவார்கள். சாப்பாடு கொடுத்து, சீப்பால் தலை இழுத்து, பள்ளிக்கூடத்தில் விட்டு, பின்னேரம் கூட்டிவருவது என் வேலை.

அப்படி வந்த முதல் நாள் பெரியவளுக்கு முன்னால் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துச் சாப்பிடுகிறாயா என்று சைகையில் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்து, "சீ" என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. கடவுளைக் கும்பிட்டுவிட்டுச் சமைத்த சாப்பாடு. கோப்பையை எடுக்கப் போனேன். அவள் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, "சீ, சீ" என்று கெஞ்சுகிறாள். அவர்களுடைய மொழியில் அதுதான் ஆமென்ற சொல் என்று தாய் பிறகு சொல்லித்தான் தெரிந்தது.

இன்னொரு நாள் நான் இவரைப் பார்த்து, "பாண் வாங்கி வந்தனீங்களோ?" என்று கேட்டேன். இவர் என்றால் என் வீட்டுக்காரர். பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் வேலை. இவர் பதில் சொல்ல முதல் பிள்ளை துள்ளி எழும்பி, "பான்!" என்று பாணைக் காட்டினாள். அவர்களுக்கும் பாண் பாண்தான்! பிறகு வீடு முழுக்க என்னை இழுத்துக்கொண்டு போனாள். நான் மேசை என்றால் அவள் மேசா. நான் சப்பாத்து என்றால் அவள் சபாத்தோ. குசினி, கொசினா. கதிரை என்றதும் விழுந்து விழுந்து சிரித்துத் தன் இடுப்பிலே தட்டிக் காட்டினாள். அவளுடைய ஊரில் அது இடுப்புக்குச் சொல்லுகிற சொல்லாம். போர்த்துக்கீசப் பறங்கியர் எங்கள் கரைக்கு வந்து விட்டுவிட்டுப் போன சொற்கள் என்று சின்ன வயதில் படித்த ஞாபகம். பறங்கியருடைய மொழியும் இவர்களுடைய மொழியும் அக்கா தங்கச்சியாக்கும்.

அந்தச் சொற்களைத்தான் படியாக வைத்தேன். பாண் என்று காட்டினால் தரமாட்டேன், பிரெட் என்று கேட்க வேண்டும். மேசை துடைக்கிற போது டேபிள். சப்பாத்துப் போடுகிற போது ஷூ. துவாயைக் கையில் வைத்துக்கொண்டு, டவல் என்று கேட்கும் மட்டும் கொடுக்கமாட்டேன். தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு கத்துவாள், சொல்லுவாள். என் வீட்டில் அவள் ஊமை இல்லை.

அதனால் தாய் வந்து அழுததற்கு அடுத்த நாள் பின்னேரம், பிள்ளைகளைக் கூட்டிவரப் போன இடத்தில், பள்ளிக்கூட வாசலில் ஆசிரியையைப் பிடித்தேன். "என்னுடைய வீட்டிலே இவள் எல்லாச் சொல்லும் சொல்லுகிறாள்" என்றேன். நல்ல பெண், எரிந்து விழவில்லை. லீவுக்கு முந்திய கடைசி நாள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு படங்களைக் காட்டிக் கேட்பேன், அவள் வாயால் சொன்னால் வகுப்பை மாற்றமாட்டேன், நீங்களும் வாருங்கள் என்றாள்.

சொல்லத் தெரிந்த பிள்ளை அங்கே மட்டும் ஏன் சொல்லுகிறாளில்லை? திரும்பி வருகிற வழியில் தங்கச்சிதான் போட்டுடைத்தாள். வகுப்பில் ஒருநாள் சிலந்திப் படத்தைக் காட்டிக் கேட்டபோது அக்கா ஏதோ சொல்ல, பிள்ளைகள் எல்லாம் சிரித்துவிட்டார்களாம். இன்றைக்கும் விளையாட்டுத் திடலில் அதே மாதிரிச் சொல்லிக் காட்டுகிறார்களாம். அன்றைக்கு மூடிய வாய்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. வீட்டுக்கு வந்து சப்பாத்துக்கூடக் கழற்றாமல் அவளை மேசையில் இருத்தினேன். இவர் தேத்தண்ணியோடு எதிரே இருந்தார்.

"சொல்லு பிள்ளை. இஸ்பைடர்."

"எஸ்பைடர்."

"சரியாத்தானே சொல்லுறாள்! இதுக்கேன் சிரிக்குதுகள்?"

இவருக்குத் தேத்தண்ணி புரைக்கேறிவிட்டது. "இஞ்சேரும், அவள் முன்னாலை ஒரு ‘எ’ போடுறாள். நீர் ஒரு ‘இ’ போடுறீர். அவ்வளவுதான் வித்தியாசம்."

"நான் எங்கை ‘இ’ போட்டனான்?"

"ஸ்கூல் எண்டு ஒருக்காச் சொல்லும் பாப்பம்."

"இஸ்கூல்."

"ம்ம்."

"இஸ்கூல்!"

"கத்திச் சொன்னா ‘இ’ பயந்து ஓடிடுமோ?"

பிள்ளைக்கு எங்கள் பேச்சு விளங்கவில்லை. ஆனால் இவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று விளங்கிவிட்டது. மெல்ல என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி எனக்குத் தெரியும். வகுப்பில் தன்னைப் பார்த்துச் சிரித்தபோது பிடிக்க ஒரு கை இல்லாமல் போன பிள்ளை.

அன்றிரவு முழுக்க யோசித்தேன். நான் இஸ்பூன் என்பேன். அவள் எஸ்பூன் என்று கேட்பாள். நான் எடுத்துக் கொடுப்பேன். இரண்டுபேருக்கும் திருப்தி. அவளுடைய பிழை என் காதுக்குப் பிழையாகவே விழவில்லையே! படி இல்லாத வாசலில் ஏற மாட்டாத ஆட்கள் போல, இந்த ‘ஸ்’க்கு முன்னால் எங்கள் இரண்டு சாதிக்கும் ஒரு படி வேண்டியிருக்கிறது. பிள்ளையைத் திருத்த முதல் என் நாக்கைத் திருத்த வேண்டும்.

சமைக்கிற போதும் உடுப்பு மடிக்கிற போதும் சொல்லிப் பார்த்தேன். ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீட்டிக்கொண்டு வருவேன். ‘பூன்’ வருகிற இடத்தில் மூச்சு முட்டி, முதலிலிருந்து தொடங்கினால் ‘இ’ வந்து குந்திக்கொள்ளும்.

"குசினிக்குள்ளை பாம்பு கீம்பு பூந்திட்டுதோ?" என்று இவர் கூடத்திலிருந்து கேட்பார்.

"ஓம், பூந்திட்டுது. உங்களைக் கொத்தத்தான் தேடுது."

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். பிள்ளைகளின் பெயரைச் சொல்லி முருகனுக்கு அர்ச்சனை கொடுத்தேன். நட்சத்திரம் தெரியாது, பெயர் மட்டும். ஐயர் தொடங்கினார். "ஓம் ஸ்கந்தாய நம."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. எத்தனை வருடமாக அந்தச் சந்நிதியில் கந்தா கந்தா என்று உருகுகிறேன். அவருடைய பெயரின் தலையில் ஒரு ‘ஸ்’ இருக்கிறதை அன்றுதான் காது கேட்டது. எங்களுடைய ஆட்கள் அதைக் கழற்றி வைத்துவிட்டுக் கந்தன் என்கிறோம். ஸ்தோத்திரம் தோத்திரமானதும் ஸ்தலம் தலமானதும் அப்படித்தானே. சாமி பெயரில் கழற்றி வைப்போம், இங்கிலீஷ் சொல்லில் ‘இ’யைக் கொண்டுவந்து ஒட்டுவோம். நேருக்கு நேர் அந்த எழுத்தின் முகத்தில் முழிக்கமாட்டோம்.

ஐயர் ‘இ’ போடவில்லை. எப்படிச் செய்கிறார் என்று அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். ‘ஓம்’ என்று சொல்லி முடிக்க உதடு மூடுகிறது. மூடிய உதட்டிலிருந்து நேரே ‘ஸ்’ கிளம்புகிறது. இடையில் ‘இ’ நுழைய வழி இல்லை. வாசல் பூட்டிக் கிடக்கிறது!

தீபம் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அந்த இடத்திலேயே மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "ஓம், ஸ்பூன்."

வந்துவிட்டது.

அடுத்த நாள் தாய்க்கு லீவு. அவளையும் கூப்பிட்டு இருத்தினேன். அவள் மாதாவை நம்பி வாழுகிறவள். என் சாமித்தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் மாதாவின் சின்னப் படம் ஒன்றும் இருக்கிறது, அவள் தந்தது. அவளைக் கேளாமல் பிள்ளையின் வாயில் என் மந்திரத்தை வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

"இது உங்கடை சாமிச் சொல்லோ?" என்று கேட்டாள்.

"சாமிச் சொல்லும்தான். ஆனா எங்கடை ஊரிலை ஆமெண்டு சொல்லுறதும் ஓம்தான். நீ ‘சீ’ எண்டு சொல்லுற இடத்திலை நான் ‘ஓம்’ எண்டு சொல்லுவன்."

அவள் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு சொன்னாள், "ஆமெண்டு சொல்லுறதிலை என்ன பாவம் இருக்கு?"

அன்று தொடங்கினோம். ஓம், ஸ்பூன். ஓம், ஸ்டார். ஓம், ஸ்னேக். பிள்ளை என் உதட்டைப் பார்ப்பாள், நான் அவளுடைய உதட்டைப் பார்ப்பேன். ஒருநாள் நான் பிழைவிட்டு இஸ்டார் என்று சொல்ல, விரலை ஆட்டி, "நோ, ஆன்டி, நோ" என்று என்னைத் திருத்தினாள். எனக்கு வந்த சந்தோசத்தில் இன்னொரு தரம் வேண்டுமென்றே பிழைவிட்டேன். இவரும் சும்மா இருக்கமாட்டார்.

"ஓம் ஸ்பூனாய நம எண்டு அகப்பைக்கு அர்ச்சனை செய்யப் போறியளோ?"

"சாமியை வைச்சுப் பகிடி விடாதேங்கோ. வாய் வெந்து போகும்."

ஓம் வாய்க்குள் நன்றாக இருந்த பிறகு அதன் சத்தத்தை எடுத்துவிட்டோம். மனதுக்குள் ஓம். வெளியில் உதடு மட்டும் மூடும். பிறகு ஸ்பூன். இது கொஞ்சம் சிரமமாக இருந்தது. சில காலையில் ‘எ’ திரும்பி வந்து நிற்கும். அவள் தலையைக் கவிழ்த்துக்கொள்வாள். நானும் விடவில்லை. வழிநெடுகத் தெருவில் உள்ள எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு போவேன். ஸ்டாப். ஸ்கை. ஸ்மோக். குளிரிலும் மழையிலும் வாய் மூடி வாய் திறந்து இரண்டு பேரும் போவதைப் பார்த்த ஆட்கள் என்ன நினைத்தார்களோ.

கடைசி நாள் வந்தது. தாய்க்கு வேலை, விடமாட்டார்கள். நான்தான் போனேன். விபூதி பூசிக்கொண்டு போனேன். வகுப்பில் பிள்ளை, ஆசிரியை, நான், எனக்குப் பக்கத்தில் தங்கச்சி. நான் உதவி சொல்லக்கூடாது என்று ஆசிரியை முதலே சொல்லிவிட்டாள். தங்கச்சியின் வாயை என் கையால் பொத்திக்கொண்டேன்.

முதல் படம். பிள்ளை பேசவில்லை. ஆசிரியை பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அதற்கும் இல்லை. முருகா, அவளுடைய நாக்கிலே வந்து இரு என்று மனதுக்குள் மன்றாடினேன். மூன்றாவதாகக் கரண்டிப் படம்.

பிள்ளை உதட்டை மூடினாள்.

"ஸ்பூன்."

ஆசிரியை நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த படம், பிறகு அதற்கடுத்தது. ஒவ்வொன்றுக்கும் உதட்டை மூடி, திறந்து, சொன்னாள். பள்ளிக்கூடப் படத்துக்கு வாய் தவறி எஸ்கூல் என்று வந்துவிட்டது. அவள் அழவில்லை. தலையை இல்லையென்று ஆட்டிவிட்டு, மறுபடி உதட்டை மூடி, ஆறுதலாக, அவசரப்படாமல், "ஸ்கூல்" என்றாள். தான் பேசாமல் விட்ட முதல் இரண்டு படங்களையும் தானே இழுத்தெடுத்து அவற்றுக்கும் சொன்னாள். சிலந்தி அதில் ஒன்று.

"சொல்ல முதல் ஏன் வாயை மூடுகிறாள்?" என்று ஆசிரியை என்னைக் கேட்டாள்.

"ஆமென்று சொல்லிவிட்டுத் தொடங்குகிறாள்" என்றேன். அதற்கு மேல் விளக்க எனக்கு இங்கிலீஷ் காணாது.

ஆசிரியை பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, உனக்கு எங்கே இருந்து வாசிக்க விருப்பம் என்று கேட்டாள். பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. உதட்டை மூடினாள்.

"ஸ்டே" என்றாள். "ஐ ஸ்டே."

அந்தச் சொல்லை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கே பொறுக்கினாளோ, முருகனுக்குத்தான் தெரியும்.

லீவு முடிந்து அடுத்த பள்ளித் தவணை முழுக்க இந்த வகுப்பிலேயே இருக்கட்டும், அது முடிய இன்னொரு தரம் கேட்டுப் பார்ப்போம், அப்போது கடினமான சொற்களும் வரும் என்றாள் ஆசிரியை. தாய்க்கு டெலிபோன் எடுத்துச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் வாளி ஏதோ உருண்ட சத்தம் கேட்டது. பிறகு அழுகையும் சிரிப்பும் கேட்டது.

ஒரு தவணை என்றால் ஒரு தவணை. தந்த காலத்தைச் சும்மா விடக்கூடாது. லீவென்றாலும் தாய்க்கு வேலை; அடுத்த நாள் காலையில் பிள்ளைகள் இறங்கி வந்தபோது மேசையில் ஒரு பெட்டி ஸ்ட்ராபெரி வைத்திருந்தேன். ‘ஸ்’க்குப் பின்னால் ஒன்றல்ல, இரண்டு எழுத்து ஒட்டிக்கொண்டு நிற்கிற சொல்.

"சொன்னாத்தான் சாப்பாடு" என்றேன்.

தங்கச்சி ஒரே மூச்சில் சொல்லிவிட்டு இரண்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அக்காவும் நானும் மேசைக்கு இரண்டு பக்கமும் இருந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, உதட்டை மூடினோம்.