‘உடம்புக்கு நல்லது’ அலமாரியில் நான்

உடம்பு இளைக்கக் கிளம்பியவர்களுக்குச் சாமான் எடுத்துக் கொடுப்பதைப் போல எரிச்சலான பிழைப்பு வேறு கிடையாது. கடையில் நாள் முழுக்க நின்று கால் கடுத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். தொண்ணூறுகளின் கடைசியில், திருவனந்தபுரம் வலியசாலை அக்ரஹாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி தனியாக ஓர் அலமாரி வைத்து, ‘உடம்புக்கு நல்லது’ என்று போர்டு மாட்டினார். அக்ரஹாரத்து ஆட்களிடம் தமிழில் பேச ஆள் வேண்டுமென்று திருநெல்வேலிக்காரியான என்னை அங்கே நிறுத்தினார். எட்டு வருஷம் நின்றேன்.

எண்ணெய்

அக்ரஹாரத்து விசாலம் மாமி வாரா வாரம் வருவார். அவர் வீட்டுக்காரர் சங்கரன் மாமாவுக்குச் சர்க்கரை வியாதி. செருப்பு கடித்து வலது கால் பெருவிரலில் வந்த புண் ஆறவே இல்லை. சர்க்கரையையும் கொழுப்பையும் குறைக்காவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைச் சொல்லி மாமி கடையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சூரியகாந்தி எண்ணெய் இரண்டு பாக்கெட் எடுத்தார். பரவாயில்லை, விவரம் தெரிந்தவர் என்று நினைத்தேன். அடுத்த நிமிஷம் தேங்காயெண்ணெய் டின்னும் கூடையில் ஏறியது. இது யாருக்கு என்று கேட்டேன். தாளிக்க, பொரிக்கத்தான் சூரியகாந்தியாம். அவியலையும் ஓலனையும் இறக்கிவைத்து மேலே ஒரு கரண்டி பச்சையாக ஊற்ற வேண்டாமா, அதற்குத் தேங்காயெண்ணெயாம். ஒரு கரண்டி என்றால் குழம்புக் கரண்டி. நான் வாயைத் திறப்பதற்குள் மாமி முந்திக்கொண்டார்.

“பச்சையா விடறது வாசனைக்குடி செல்லம்மா. அடுப்புல ஏத்தினாத்தான் அது எண்ணெய்.”

வெண்ணெய்

பில் போடும் பிந்துவுக்கு ஓணம் கழிந்து கல்யாணம். அதற்குள் இடுப்பைக் குறைத்தே தீருவேன் என்று வெண்ணெயை விட்டுவிட்டு, ‘பாதிக் கொழுப்பு’ என்று டப்பாவில் அச்சடித்த ஒன்றுக்கு மாறினாள். மத்தியானம் பார்க்கிறேன், கொத்தனார் சுவருக்குச் சாந்து பூசுகிற மாதிரி ரொட்டியில் அப்பிக்கொண்டிருக்கிறாள். ரொட்டி கண்ணுக்கே தெரியவில்லை. ஒரே மாதத்தில் கல்யாண ஜாக்கெட்டைப் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. ‘இதுதான் உன் டயட்டா?’ என்று கேட்டதற்கு என்மேலேயே கோபம்.

“பாதிதானே கொழுப்பு, சேச்சி? அப்போ ரெண்டு மடங்கு தேச்சா பழைய அளவுதானே? ஞான் ஒண்ணும் கூடுதல் தின்னலையல்லோ.”

மாத்திரை

ஒரு நாள் சங்கரன் மாமாவே காலில் கட்டோடு நொண்டி நொண்டி வந்தார். சர்க்கரைக்குப் பதில் காப்பியில் போடும் இனிப்பு மாத்திரை, போன வாரம்தான் வாங்கிப்போன டப்பா, சரியில்லையாம். என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் பிறந்தநாளுக்குச் சக்கப்பிரதமன், அதுதான் பலாப்பழப் பாயசம், வைத்திருக்கிறார்கள். இருபது மாத்திரையைப் பொடித்துப் போட்டுக் கொதிக்க விட்டிருக்கிறார்கள். கசந்துவிட்டது. பிறகு அரைக் கிலோ வெல்லத்தைத் தட்டிப்போட்டு, மூன்று கிண்ணம் குடித்திருக்கிறார். மாமா, உங்களுக்கு விரல் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டேவிட்டேன். அவர் அசரவில்லை.

“வெல்லம் இனிப்புக்குப் போடலையே. கசப்பை எடுக்கன்னா போட்டது.”

கருப்பட்டி

எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்திறங்கிய கருப்பட்டி விற்காமல் கிடந்தது. முதலாளி அதையும் என் அலமாரிக்கு மாற்றச் சொன்னார். ‘சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு ஏற்றது’ என்று தமிழில் ஓர் அட்டை எழுதி வைக்கவும் சொன்னார். கரும்பில் வந்தால் என்ன, பனையில் வந்தால் என்ன, இனிப்பு இனிப்புத்தான் என்று எனக்குத் தெரியும். மாட்டேன் என்றால் வேலை போய்விடும் என்றும் தெரியும். முத்து முத்தாக எழுதி வைத்தேன். இதையும் எந்தப் புத்திசாலி நம்பப்போகிறதோ என்று பிந்துவிடம் சொல்லிச் சிரித்தேன்.

விசாலம் மாமி நம்பினார். வாரம் ஒரு கிலோ. மாமாவுக்கு மூன்று வேளையும் கருப்பட்டிக் காப்பி. நானேதான் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து, பத்து நாள் ஆளைக் காணவில்லை. பிறகு வந்தார். விரலை எடுத்துவிட்டார்களாம்.

“கருப்பட்டிக்கு மாறினதாலதான் விரலோட போச்சாம், இல்லேன்னா காலே போயிருக்கும்ங்கறார் மாமா. நீ நன்னா இருப்பே. ஒரு கிலோ குடு” என்றார்.

எடுத்த கருப்பட்டியைத் திரும்ப அலமாரியில் வைத்தேன். முதலாளி கல்லாவில்தான் இருந்தார், இருக்கட்டும் என்று விட்டேன். “வேண்டாம் மாமி, அதுவும் சர்க்கரைதான்” என்றேன். மாமி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அட்டையை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“அப்போ இதை எழுதினது யாருடி?”

வந்தவர்களுக்கெல்லாம் புத்தியில்லை என்று எட்டு வருஷம் சிரித்த எனக்கு இருந்தது நல்ல கையெழுத்து மட்டும்தான்.