எட்டாவது கல்

கல்லில் மஞ்சள் பூசியிருப்பதைப் பார்த்தாலே எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. சாமி கும்பிடாதவள் இல்லை நான். வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் வாயில் தண்ணீர்கூட ஊற்ற மாட்டேன். ஆனாலும் சொல்கிறேன், வயிறு எரிகிறது. அதற்குக் காரணம் வேறு யாருமில்லை, என் கூடப் பிறந்த அண்ணன்.

எனக்குப் பழைய கற்களைத் தேடிப் போகும் பைத்தியம் உண்டு. குளுவாங்கில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. வாரம் முழுவதும் விளக்கு வெளிச்சத்தில் நகத்தளவுச் சாமான்களைக் குனிந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்தால், பெரியதாக, யாரும் அவசரப்படுத்தாத எதையாவது போய்ப் பார்க்க வேண்டும் போலிருக்கும். மற்றவர்கள் ஜொகூர் பாருவுக்குப் போய்ப் பேரங்காடிகளில் சுற்றுவார்கள். நான் காரை எடுத்துக்கொண்டு நெகிரி செம்பிலான் வரைக்கும் போய், புல்லுக்கு நடுவில் நட்டுவைத்த கற்களைப் பார்த்துவிட்டு வருவேன். மலாய்க்காரர்கள் அவற்றை ‘பத்து ஹிடோப்’ என்பார்கள், உயிருள்ள கல். வருஷா வருஷம் வளருமாம். ஜொகூர் ஆற்றங்கரையில் பழைய கோட்டை இருந்த மண்மேட்டில் ஏறி நின்றிருக்கிறேன். யார் வைத்தார்கள், எதற்கு வைத்தார்கள் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாத ஒன்றின் முன்னால் நின்றால் என் வாய் தானாக மூடிக்கொள்கிறது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் வீட்டில் கேட்டால் தெரியும்.

அண்ணனுக்கு இது ஓயாத கேலி. “கல்லப் பாக்க இவ்ளோ தூரமா? வீட்ல அம்மிக்கல்லு சும்மாதான் கெடக்கு. உக்காந்து பாரு, பெட்ரோல் மிச்சம்லா” என்பார். ஊர் எல்லையில் இருக்கும் எங்கள் முனியாண்டி கோயிலுக்கு அவர்தான் தலைவர்.

இந்த வயிற்றெரிச்சலுக்குக் காரணமான கற்களை நான் முதலில் பார்த்தது பெக்கோக் போய்த் திரும்பும் வழியில். சாலையோரம் குடையை நட்டுப் பெத்தாய் என்னும் வாடையடிக்கும் காட்டு அவரைக் கொத்துகளைத் தொங்கவிட்டு விற்கும் ஓராங் அஸ்லிப் பூர்வகுடி அம்மாள் ஒருவர் இருந்தார். அத்தை என்பதுபோல மலாயில் மக்சிக் என்று கூப்பிடுவேன். பெத்தாய் வாங்கும் சாக்கில் பேச்சுக் கொடுத்தேன். எங்கே போய் வருகிறாய் என்று மலாயில் கேட்டார். கல் பார்க்க என்றேன். சிரிக்கவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியம். “எங்கள் பக்கத்திலும் இருக்கிறது” என்றவர், கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு என் காரில் ஏறிக்கொண்டார்.

செம்பனைத் தோட்டத்துக்குள் செம்மண் பாதையில் போய், வெட்டிப்போட்ட மட்டைகளைத் தாண்டி நடந்தோம். மரங்களுக்கு நடுவே கொஞ்சம் மேடான இடம். அங்கே வட்டமாக நின்றன. சில என் இடுப்பு உயரம், ஒன்று என்னைவிட உயரம். அந்த உயரமான கல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பேச்சைக் காது கொடுத்துக் கேட்பவர் போல நின்றது. நின்றவை ஏழு. வட்டத்துக்கு நடுவில் அகலமாக, தட்டையாக, பாதி மண்ணுக்குள் எட்டாவது ஒன்று படுத்திருந்தது. நான் அதன்மேல் பையை வைக்கப் போனேன். மக்சிக் என் கையைப் பிடித்துவிட்டார்.

“அதில் வைக்காதே. அது தூங்குகிறது. இங்கே வந்தால் நாங்கள் சத்தம் போடாமல் போவோம்.”

யார் வைத்த கல் என்று கேட்டேன். ‘ஓராங் டூலு’ என்றார். முன்னாட்களில் இருந்தவர்கள். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. இரண்டு பேரும் வாயைத் திறக்காமல் நின்றுவிட்டு வந்தோம். பிறகு பலமுறை போனேன். ஒவ்வொரு முறையும் பெத்தாய் வாங்கினேன். என் வீட்டுக் குளிர்பெட்டி முழுக்க நாற்றம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது மரங்களில் சிவப்புச் சாயம் அடித்திருந்தது. வயதான செம்பனைகளைச் சாய்த்து மறுநடவு செய்யப் போகிறார்கள். மண்வாரி வந்தால் மரம், மேடு, கல் எல்லாம் ஒன்றுதான். தெரிந்தவர்கள் மூலம் தொல்பொருள் ஆராய்ச்சிக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினேன். ஆள் வரும், எப்போது என்றுதான் சொல்ல முடியாது என்றார்கள். எனக்குத் தெரிந்து தோட்ட மேனேஜரிடம் உரிமையோடு பேசக்கூடிய ஒரே ஆள் அண்ணன்தான். அந்த மேட்டை மட்டும் விட்டுவிட்டு நடச் சொல்லுங்கள் என்று கேட்டேன்.

அவரை நம்பியதற்குக் காரணம் இருந்தது. நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்தை வீடு கட்ட விற்றபோது, அங்கே எங்கள் முனியாண்டி ஒரு மரத்தடியில் வெறும் கல்லாக நின்றிருந்தார். அந்தக் கல்லை எடுக்க மண்வாரி வந்த அன்று, அண்ணன் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். “ஏத்தணும்னா என் மேல ஏத்துடா” என்று அவர் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. “எடத்த விட்டு எடுத்தா அது சாமியா? வெறும் கல்லுடா!” போலீஸ்காரர்கள்தான் தூக்கினார்கள். கல்லை லாரியில் ஏற்றி, ஊர் எல்லையில் ஒதுக்கிய துண்டு நிலத்தில் இறக்கினார்கள். அன்று அண்ணன் ஆண்பிள்ளை என்றும் பார்க்காமல் அழுதார். நானும் அழுதேன். இடம் என்றால் என்ன என்று எங்கள் குடும்பத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்று நினைத்திருந்தேன்.

“கவலப்படாதம்மா, நான் பாத்துக்கிறேன்” என்றார். நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்து வந்தது வாட்ஸ்அப்பில் ஒரு படம். லாரியின் பின்புறம் வாழை மரம் கட்டி, ஏழு கற்களும் மஞ்சள் துணி சுற்றிக் கிடக்கின்றன. கீழே கும்பிடும் கைகள் வரிசையாக. “கன்னிமார் நம்ம கோயிலுக்கு வந்துட்டாங்க!”

கையில் இருந்த சோறு அப்படியே நின்றது. ஏழு கல் சேர்ந்து நின்றால் நம்மவர்களுக்கு வேறெதுவும் தோன்றாது. ஏழு கன்னிமார். அவ்வளவுதான், முடிந்தது. யார் நட்டது என்ற கேள்விக்கே இடமில்லை.

கோயிலுக்கு ஓடினேன். படம் எடுத்து நாளாகியிருந்தது போல, அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ரோஜா நிறத்தில் ஓடு பதித்த மேடை. படம் பிடிக்கும் கடையில் குடும்பத்தை நிறுத்துவதுபோல உயர வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். சாய்ந்து நின்ற அந்த உயரமான கல்லை நிமிர்த்தி சிமெண்டு போட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் சிவப்புப் பாவாடை, வெள்ளியில் கண். பாசி படர்ந்த இடமெல்லாம் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துச் சுத்தமாக்கியிருந்தார்கள். சுத்தமாம்!

“நல்லாருக்குல்ல?” என்றார் அண்ணன். முகம் முழுக்கப் பெருமை. “மேனேஜரு விட முடியாதுன்னுட்டாரு. எடுத்துட்டுப் போனா போங்கன்னாரு. விடுவேனா? கிரேன் புடிச்சேன். வேலைக்கு வந்த பங்களாதேஷ் பையனுங்ககூடச் செருப்பக் கழட்டிட்டுத்தான் தொட்டானுங்க.”

“நான் எடுத்துட்டு வரச் சொன்னேனா அண்ணே?”

“அங்க விட்டா ஒடச்சிருப்பானுங்க. இங்க பாரு, தினமும் பாலாபிஷேகம், பூவு, வெளக்கு. அங்க யாரு பாத்தா?”

“பாத்தவங்க இருந்தாங்க. ஒரு வார்த்த கேட்டீங்களா? முனியாண்டிய எடுத்தப்ப நீங்க என்ன சொன்னீங்க?”

“அது வேற, இது வேற.”

“எப்படி வேற?”

“அது சாமிம்மா.”

“அப்ப இது?”

“இது இப்பத்தான சாமி ஆயிருக்கு” என்றார், குழந்தைக்குச் சொல்வதுபோல.

மேனேஜர் மறுத்ததை என்னிடம் சொல்லியிருக்கலாம். ஆராய்ச்சிக்காரர்கள் காலில் விழுந்தாவது நான் கூட்டி வந்திருப்பேன். முடியாமலும் போயிருக்கலாம், தெரியும். ஆனால் எந்தக் கல் எங்கே நின்றது, எதைப் பார்த்து நின்றது என்று யாரும் ஒரு படம்கூட எடுக்கவில்லை. லாரியில் ஏற்றிய பிறகுதான் கைப்பேசியை எடுத்திருக்கிறார்கள். எங்களைப் பிடுங்கிப் போட்டவர்கள் செய்ததை அச்சு மாறாமல் செய்துவிட்டு, மேலே மாலை போட்டால் புண்ணியமா?

“எட்டாவது எங்கே?” என்று கேட்டேன்.

“கன்னிமாருன்னா ஏழுதான்லா” என்றவர், மேளக்காரர் கூப்பிட்டதும் போய்விட்டார்.

மக்சிக்கிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குடைக்குக் கீழே நின்று சொல்லி முடித்தேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொத்துகளை அவிழ்த்துக் கூடையில் வைத்தார். பிறகு, “எங்கே இருக்கின்றன, காட்டு” என்றார்.

கூட்டி வந்தபோது சாயங்காலப் பூசை நேரம், நல்ல கூட்டம். வாசலில் செருப்பைக் கழற்றினார். தயங்கித் தயங்கித்தான் உள்ளே வந்தார். தன் வீட்டுச் சாமானைப் பார்க்க அடுத்தவன் வீட்டுக் கதவைத் தட்டுவது போன்ற அந்தத் தயக்கத்தைப் பார்த்ததும் எனக்கு மறுபடி கோபம் ஏறியது. பாவாடை கட்டிய ஏழு கற்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். சுற்றிலும் எதையோ தேடினார். நான் தேடாததை அவர் தேடினார் என்பதும், கண்டுபிடித்தார் என்பதும் அப்புறம்தான் எனக்குப் புரிந்தது.

கோயில் முகப்பில், தேங்காய் உடைக்கும் தொட்டிக்குள், அது கிடந்தது. அகலமாக, தட்டையாக. அதன்மேல்தான் ஆளாளுக்குக் கற்பூரம் ஏற்றிய தேங்காயை ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் வெள்ளையாகச் சில்லுப் பெயர்ந்திருந்தது.

மக்சிக் தொட்டியருகே குந்தி உட்கார்ந்தார். கல்லின்மேல் கிடந்த ஓடுகளையும் சில்லுகளையும் கையால் ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைக்கத் தொடங்கினார். பூசை முடிந்ததும் உடைத்த தேங்காயைப் பொறுக்க அக்கம்பக்கத்தார் வருவது வழக்கம்தான். அண்ணன் அப்படித்தான் நினைத்தார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பை எடுத்துவந்து, குனிந்து, சிரித்த முகத்தோடு நீட்டினார்.

“மக்சிக், அம்பில்லா! பாஞாக் கெலாப்பா” என்றார். எடுத்துக்கொள்ளுங்கள், நிறையத் தேங்காய் இருக்கிறது என்று.

மக்சிக் பையை வாங்கிக்கொண்டார். கீழே வைத்த சில்லுகளை அதில் போட்டார். கல்லில் ஒரு துண்டு மிச்சமில்லாமல் எடுத்து, ஒட்டியிருந்த நாரைக்கூட நகத்தால் சுரண்டிப் போட்டார். தேங்காய்த் தண்ணீரைத் தன் உடுப்பின் ஓரத்தால் துடைத்தார். பிறகு எழுந்து, நிறைந்த பையை அண்ணன் கையிலேயே கொடுத்தார். அண்ணன் ஒன்றும் புரியாமல் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பின்னால் ஒருவர் கற்பூரம் எரியும் தேங்காயோடு காத்திருந்தார். “கொஞ்சம் தள்ளிக்கங்க, கை சுடுது” என்றார்.

நான் தொட்டிக்குள் இறங்கினேன். ஈரத்தில் கால் வழுக்கியது. குனிந்து அந்தக் கல்லை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். தேங்காய் வைத்திருந்தவரை நான் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்துத்தான் கத்தினேன்.

“ஒடைக்கணும்னா என் மேல ஒடைங்கண்ணே!”

மேளம் நின்றுவிட்டது. அண்ணனுக்கு அந்தக் குரல் தெரியும். ஒரு காலத்தில் அவருடையதுதான்.