தீவகத்தில் ஒரு சிவப்புப் புள்ளி

எங்கள் அப்பா யாரையும் எடுத்த எடுப்பில் நம்பமாட்டார். மின்சார மீற்றர் பார்க்க வருபவரின் அடையாள அட்டையை வாங்கி, படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் டூட்டிங்கில், கடையில் முருங்கைக்காய் வாங்கினால் ஒவ்வொன்றையும் முறுக்கிப் பார்ப்பார். தாயைப் போலப் பிள்ளை என்பார்கள்; நான் தகப்பனைப் போல. ஒன்பது வயதில் எனக்குத் தொலைக்காட்சியில் வரும் துப்பறியும் தொடர்கள் என்றால் உயிர். உலகத்தில் பாதிப்பேர் பொய்யர்கள் என்பதில் அப்பாவும் நானும் ஒரே கட்சி.

அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் ஒரு வீட்டுவேலை தந்தார்கள். ஏதாவது ஒரு தீவுக்கூட்டம் நிர்வாகத்துக்காக எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று வரைந்து நிறம் தீட்டவேண்டும். ஆசிரியை பிலிப்பைன்ஸை உதாரணம் காட்டினார். அங்கே பிராந்தியங்கள் உண்டு, பிராந்தியங்களுக்குள் மாகாணங்கள். வகுப்பில் பாதிப்பேர் அதையே எடுத்தார்கள். தீவு தேடி நாங்கள் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்று அப்பா சொல்லிவிட்டார். யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலில் கிடக்கும் எங்கள் தீவகத்தை அவரே ஒரு பெரிய காகித மட்டையில் வரைந்து தந்தார். வட மாகாணம், அதற்குள் யாழ் மாவட்டம், அதற்குள் தீவகத்துக்கு நான்கு பிரதேசச் செயலர் பிரிவுகள். நெடுந்தீவு தனி, காரைநகர் தனி. வேடிக்கை என்னவென்றால், வேலணைத் தீவை மட்டும் குறுக்கே வெட்டியிருந்தார்கள். ஊர்காவற்றுறைப் பக்கம் அனலைதீவு, எழுவைதீவோடு சேர்ந்து தீவகம் வடக்கு. மற்றப் பக்கம் புங்குடுதீவு, நயினாதீவு, மண்டைதீவோடு தீவகம் தெற்கு.

நிறம் தீட்ட உதவுவார் என்று சொல்லி, அக்கா தன்னோடு பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒருவரைச் சனிக்கிழமை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் படத்துக்கு இவ்வளவு வளர்ந்த ஆள் எதற்கு என்ற கேள்வி அப்பாவின் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அம்மா வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டுப் போனவர், சமையல் குசினி வாசலை விட்டு அசையவில்லை.

"தம்பி ஊரிலை எவ்விடம்?" என்று அப்பா தொடங்கினார்.

"நான் இஞ்ச பிறந்தனான், அங்கிள். அப்பா தீவுப்பக்கம்."

தீவுப்பக்கம் என்றால் எந்தத் தீவு, அப்பா எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், ஊரில் எந்தக் கோயிலில் அவர்களுக்குத் திருவிழா, தாத்தாவுக்கு என்ன தொழில் என்று அப்பா சுற்றிச் சுற்றி வந்தார். அவரோ எல்லாவற்றுக்கும் சிரித்தபடி, வடிவாகத் தெரியாது, கேட்டுத்தான் சொல்லவேண்டும் என்றார். அக்கா பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தாள். அது பாதியாகியும் விடவில்லை. அப்பாவுக்குப் புவியியலில் இவ்வளவு ஆர்வம் இருக்கிறதே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்போதுதான் வந்தவர் என்னிடம் மாட்டுப்பட்டார். வேலணைத் தீவு முழுவதையும் ஒரே பச்சையால் தீட்டப்போனார். நான் கையைப் பிடித்து நிறுத்தி, அது இரண்டு பிரிவு என்றேன்.

"ஒரே தீவை ஏன் ரெண்டாப் பிரிச்சவை?" என்று கேட்டார்.

தீவுப்பக்கத்து ஆளுக்கு இது தெரியாமல் இருக்குமா? கள்ளன் பிடிபட்டான் என்று எனக்குள் மணி அடித்தது. ஆள் தீவுப்பக்கமே இல்லை, அப்பாவை ஏமாற்ற வந்திருக்கிறார் என்று முடிவுகட்டினேன். சிவப்புப் பேனையை நீட்டி, உங்கள் அப்பாவின் ஊர் இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள் பார்ப்போம் என்றேன்.

அப்பா கையிலிருந்த பேப்பரை இறக்கி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு படத்தைப் பார்த்தார். அக்கா வேண்டாம் என்று மெல்லத் தலையை ஆட்டினாள். அவர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சின்னப்பிள்ளைக்குப் பொய் சொல்ல ஏலாது," என்று குனிந்து புள்ளியை வைத்தார்.

அப்பா கண்ணாடி எடுக்க மேல்மாடிக்கு ஓடினார். முழங்கால் வலி என்று படியேற அழுகிற மனிதர் அவர். அந்த நேரம் பார்த்து, வந்தவர் விடைபெற்றார். அம்மா கதவைத் திறந்துவிடப் போனார். அக்கா சிவப்புப் பேனையைப் பறித்து, என் கண்ணெதிரே படம் முழுக்கப் புள்ளி வைக்கத் தொடங்கினாள். நெடுந்தீவில், நயினாதீவில், வேலணையின் இரண்டு பாதியிலும், ஒரு கரை விடவில்லை. அம்மை போட்ட உடம்புபோல ஆகிவிட்டது என் தீவகம். நான் கத்தினேன். அவள் நிறுத்தவில்லை.

அப்பா கண்ணாடியும் தொலைபேசியுமாக இறங்கி வந்தார். தீவகத்தில் யாருடைய பூர்வீகத்தையும் தோண்டிச் சொல்லக்கூடிய மாமா ஒருவர் வெம்பிளியில் இருந்தார். அவரை அப்பா ஏற்கனவே தொலைபேசியில் பிடித்து வைத்திருந்தார். படத்தைக் கண்டதும் அப்படியே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எது பிள்ளை, அந்தப் பெடியன் வைச்ச புள்ளி?"

அக்காவின் முகம் வெளிறிப்போயிருந்தது. நான் யோசித்துப் பார்த்தேன்.

"பார்க்கேல்லை அப்பா. பொய் சொல்றாரோ எண்டு அவரின்ரை முகத்தைத்தான் பார்த்தனான்."

பொய்யர்கள் கண்ணைச் சிமிட்டுவார்கள் என்று தொலைக்காட்சியில் சொல்லியிருந்தார்கள். அவர் சிமிட்டவில்லை. அப்பா என்னை நம்பாமல் ஒவ்வொரு புள்ளியாக விரலை நகர்த்தினார். ஓரிடத்தில் விரல் நின்றுவிட்டது. கண்டுபிடித்துவிட்டாரோ என்று நினைத்து, இதுவா அப்பா என்று கேட்டேன்.

"இது எங்கட இடம்," என்றார்.

தொலைபேசிக்குள் மாமா ஹலோ ஹலோ என்றுகொண்டிருந்தார். பிறகு எடுக்கிறேன் என்று அப்பா அதை வைத்துவிட்டார்.

எவ்விடம் என்று கேட்பவர்கள் இடத்தைக் கேட்பதில்லை, சாதியைக் கேட்கிறார்கள் என்பது எனக்கு விளங்கப் பல வருடங்கள் எடுத்தன. அரசாங்கம் தீவகத்தை நான்காகப் பிரித்ததோடு நிறுத்திக்கொண்டது. எங்கள் ஆட்கள் நிறுத்தவில்லை. அப்பா எப்படியோ தேடி அறிந்தார், அக்காவோடு சில வருடங்கள் பேசாமலும் இருந்தார். புள்ளி வைத்தவர் இன்று என் அத்தான். அப்பாவுக்கு முருங்கைக்காய் வாங்கிவருபவரும் அவர்தான். அப்பா இன்னும் முறுக்கிப் பார்க்கிறார்.

அன்று எனக்கு இருந்த துக்கமெல்லாம் படம் பழுதாகிவிட்டதே என்பதுதான். படுக்கையில் விழுந்து அழுதேன். அக்கா பக்கத்தில் வந்து படுத்து, என்னைவிட அதிகமாக அழுதாள். யாரையும் நம்பாத நான், அவள் என் படத்துக்காகத்தான் அழுகிறாள் என்று நம்பினேன். பரவாயில்லை அக்கா, வேறு மட்டையில் வரையலாம் என்று நானே அவளைத் தேற்றினேன்.