செல்வமணி எடுத்த கணக்கு வகுப்பு

போன வாரம் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து போனில் செய்தி வந்தது. கணக்கு டீச்சர் நாளைக்கு லீவு, மாற்று ஏற்பாடு செய்தாயிற்று, பெற்றோர் கவலைப்பட வேண்டாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பந்தலூர்ப் பக்கம் நான் படித்த அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு முழுக்கக் கணக்கு வாத்தியாரே கிடையாது. கவலைப்பட வேண்டாம் என்று சொல்லவும் ஆளில்லை.

தேயிலை விலை விழுந்து கிடந்த சமயம். மாற்றலாகி வருகிற வாத்தியார்கள் மழையையும் அட்டையையும் பார்த்துவிட்டு அடுத்த மாதமே மலையிறங்கிவிடுவார்கள். ஒருவர் காலில் அட்டை ஏறியதும் நாற்காலி மேல் ஏறி நின்றார். பிறகு அவரைப் பார்க்கவேயில்லை. கணக்கு பீரியடில் பாட்டுக்குப் பாட்டு விளையாடினோம். தலைமை நான்தான், வேறெதற்கும் லாயக்கில்லாததால்.

அதை நிறுத்தியவள் என் பெஞ்சுக்காரி செல்வமணி. சிலோனிலிருந்து வந்த தோட்டக் குடும்பம். ஒருநாள் விறுவிறுவென்று போய்ச் சாக்பீஸை எடுத்தாள். "பாடுனது போதும்டி. பரீட்சையில பாட்டா கேக்கப் போறாங்க?" யாரோ கொடுத்த பழைய நோட்ஸைத் தானே படித்து, மறுநாள் எங்களுக்கு நடத்துவாள். "எருமைக்குக்கூட இந்நேரம் வெளங்கியிருக்கும்" என்பாள் என்னைப் பார்த்து. உடனே விளங்கிவிடும். ஹெட்மாஸ்டர் வாசலில் நின்று கேட்டுவிட்டு, ஒரு பெட்டி கலர் சாக்பீஸ் கொடுத்தனுப்பினார்.

தை பிறந்ததும் அவள் அப்பா டி.சி. கேட்டு வந்து நின்றார். தோட்டத்தில் வாரம் இரண்டு நாள்தான் வேலை. குடும்பமே திருப்பூர் போகிறது. வகுப்பு மொத்தமும் ஹெட்மாஸ்டர் அறை வாசலில் கூடிவிட்டோம்.

"மாமா, அவ போனா நாங்க அத்தன பேரும் பெயிலு மாமா" என்றேன், அழுதுகொண்டே.

அவர் தரையைப் பார்த்தார். "படிக்க வேணாமுன்னு சொல்லியா கூட்டிட்டுப் போறேன்? இங்க சோத்துக்கு என்னா வழி புள்ள?"

"எங்க ஊட்டுல இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். அம்மாவிடம் கேட்காமலே.

சாயங்காலம் பயந்து பயந்து சொன்னபோது, அம்மா அரிசி களைவதை நிறுத்தவில்லை. "ஒரு புடி கூடப் போட்டாப் போச்சு கண்ணு. உன்னையும் பாஸ் பண்ண வெக்கச் சொல்லு."

ஒரே கம்பளிக்குள் இரண்டு பேரும் படித்தோம். கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாள் அவள் அப்பா வந்து அழைத்துப் போனார்.

ரிசல்ட் வந்ததும் அவள் வேலைக்குச் சேர்ந்திருந்த பனியன் கம்பெனிக்குப் போன் போட்டேன். "எல்லாரும் பாஸாடி?" என்றுதான் முதலில் கேட்டாள். கணக்கில் எல்லோரும் பாஸ், நான்கூட. அவளுக்குத் தொண்ணூற்றெட்டு என்று சொன்னேன். அந்தப் பக்கம் மிஷின்கள் ஓட ஆரம்பித்தன. "பிரேக் முடிஞ்சிருச்சு, வைக்கிறேன்டி." பதினொன்றில் அவள் சேரவில்லை. இன்றும் திருப்பூரில்தான் தைத்துக்கொண்டிருக்கிறாள்.

சென்ற வருஷம் அந்தப் பக்கம் போயிருந்தேன். தோட்டத் தொழிலாளர்கள் இருந்த லயத்து வீடுகளில் கூரைத் தகரம்கூட இல்லை. பிள்ளைகள் குறைந்து பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டார்கள். எங்கள் வகுப்பறையில் உடைந்த பெஞ்சுகள் குவிந்து கிடந்தன. அந்தக் காலத்தில் மதியம் இரண்டு மணிக்கு, மேலே தேயிலை ஃபாக்டரியில் இலை வாடும் வாசனை இறங்கிவந்து வகுப்பையே கண்சொக்க வைக்கும். ஃபாக்டரியை மூடி வருஷக்கணக்காயிற்று என்று தெரியும். இருந்தும் இரண்டு மணி வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.